நானும் ரன்னர்தான் பேராண்டி

ஏலே பேராண்டி, நேத்து ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு முத்தத்துல ஒரு உருவம் குறுக்கயும் நெடுக்கயும் நடந்துச்சு. திண்ணையில படுத்திருந்த தாத்தன் எந்திரிச்சு உக்காந்துட்டேன். மொதல்ல களவாணின்னு நெனச்சேன். களவாணின்னா வருவான், எடுப்பான், போவான். இப்படிச் செக்குமாடு கணக்காச் சுத்திக்கிட்டுக் கெடக்க மாட்டான். பெறகு முனியோன்னு நெனச்சேன். முனி கையில பச்சை வெளிச்சம் எரியாதே. "யாருலே அது"ன்னா, "நாந்தான் தாத்தா, இன்னும் 340 காலடி பாக்கி இருக்கு"ங்கே. யாருக்குய்யா பாக்கி? எவன்கிட்டக் கடன் வாங்குனே, வட்டி உண்டா? கேட்டா கையை நீட்டிக் கடியாரத்தைக் காட்டுதே. பன்னெண்டு அடிக்கதுக்குள்ள பத்தாயிரம் ஆகலேன்னா அது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிடுமாம். உன் பொண்டாட்டி மூஞ்சியைத் தூக்குனாக்கூட நீ இம்புட்டு நடுங்கி நான் பாக்கலையே.

தெருநாய் நாலும் சேர்ந்து ஊரை எழுப்பிவிட்டதுதான் மிச்சம். மேலவீட்டுக்காரி காலம்பற வந்து "உங்க பேரனுக்கு மேலுக்கு ஒண்ணுமில்லையே"ன்னு கேட்டுட்டுப் போறா. இல்லம்மா, கைக்குத்தான் சொகமில்லேன்னேன்.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, தாத்தனும் ரன்னர்தான். நீ பனியன்ல எழுதிப் போட்டிருக்கிற ரன்னர் இல்லை, சர்க்கார் ரன்னர். தபால் இலாகாவுல அந்த வேலைக்குப் பேரே அதுதான். எட்டயபுரம் ஆபீசுல அரக்கு முத்திரை வெச்ச பையைத் தோள்ல போட்டா, மூணு ஊருக் கிளைத் தபாலாபீசுல எறக்கிட்டு, அங்கன இருக்கிற பையைத் தூக்கிக்கிட்டு பொழுதடையத் திரும்பணும். போகவர 11 மைல். உன் கணக்குல பதினேழு கிலோமீட்டருக்கு மேல வரும். எனக்கு முந்துன தலைமுறை ஈட்டியில சலங்கை கட்டிக்கிட்டு ஓடுனாக, புலி கிலி ஒதுங்கட்டும்னு. எனக்கு ஈட்டியும் இல்லை, சலங்கையும் இல்லை, கம்பி ஒடிஞ்ச குடை ஒண்ணு. பேருதான் ரன்னர், நான் நெசமா ஓடுனது மழைக்கும் நாய்க்கும் மட்டுந்தான்.

வித்தியாசத்தைக் கவனிச்சியா? என்னை நடக்கச் சொல்லி சர்க்கார் எனக்குச் சம்பளம் குடுத்துச்சு. உன்னை நடக்கச் சொல்லி நீ அடுத்தவனுக்குச் சம்பளம் குடுக்கே. கடியாரத்துக்கு ஒரு காசு, அந்த ஆப்புக்கு மாசாமாசம் சந்தா. ஆப்புன்னா எங்க காலத்துல வேற. பொளந்த மரத்துல சொருகியிருந்த ஆப்பைப் பிடுங்கின கொரங்கு கதை உனக்குத் தொட்டில்லயே சொல்லியிருக்கேன். வாலு எங்க கெடக்குன்னு ஒருக்கத் திரும்பிப் பாத்துக்கோ.

உன் தங்கச்சி ஒரு தாக்கல் சொன்னா, சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொரையேறிருச்சு. 2024ல இந்தோனேசியாவுல சில பேரு, தன் கணக்குல இன்னொருத்தனைக் காசு குடுத்து ஓடவிட்டாகளாம். ஓடுறவன் ஒருத்தன், ஸ்ட்ராவாங்கிற ஓட்டக்கணக்கு ஆப்புல பேரு வாங்குறவன் இன்னொருத்தன். கிலோமீட்டருக்கு இம்புட்டுன்னு கூலி. அடப்பாவிகளா, இந்தத் தொழிலு என் காலத்துலயே வந்திருந்தா வருசத்துக்கு மூவாயிரம் மைலுக்கு ரேட்டுப் போட்டு கோவில்பட்டியில ரெண்டு வீடு கட்டியிருப்பேனே!

சரி, பத்தாயிரத்துக்கு வருவோம். அது எந்த வைத்தியர் எழுதிக் குடுத்த சீட்டு? 1964ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. அதோட சூட்டுல மறு வருசம் யமாசான்னு ஒரு கம்பெனி இடுப்புல மாட்டுற காலடிக் கருவி ஒண்ணை விக்க ஆரம்பிச்சது. அதுக்கு வெச்ச பேரு "மான்போ-கேய்", பத்தாயிரம் காலடி மானின்னு அர்த்தம். கடைக்காரன் வெச்ச பேரு அது. 101 ரூபா மொய் எழுதுத மாதிரி, சொல்ல நல்லாருக்குன்னு வெச்சது. அறுபது வருசமாச்சு, அவன் போட்ட மொய்யை நீ ராத்திரி நாயைக் கெளப்பிவிட்டு எழுதிக்கிட்டு இருக்கே. 2019ல அமெரிக்காவுல உங்க ஆச்சி வயசுப் பொம்பளைக பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை வெச்சுப் பாத்துருக்காக. சராசரி வயசு 72. ஒரு நாளைக்கு 4,400 காலடி நடந்தவகளுக்கே, ரொம்பக் கம்மியா நடந்தவகளை விட ஆயுசு நல்லாருந்துச்சு. 7,500 கிட்ட வந்ததும் அந்தப் பலன் அப்படியே நின்னுக்கிடுச்சு. கூட நடந்தா தப்பில்லை. ஆனா 340 காலடியில எமன் ஒண்ணும் திரும்பிப் போயிட மாட்டான்.

அதுவும் அந்தக் கடியாரம் எதை எண்ணுதுன்னு நீ என்னைக்காவது பாத்திருக்கியா? காலை எண்ணுதுன்னு நீ நெனைக்கே. அது கெடக்கிறது கையில. கை வீச்சை எண்ணி, காலுன்னு கணக்கு எழுதுது. முந்தாநாள் நீ கெணத்துல குளிக்கப் போனப்ப கடியாரத்தைத் திண்ணையில கழட்டி வெச்சுட்டுப் போனே. தாத்தன் சும்மா இருப்பேனா? ஆச்சி எடது கையில மாட்டிவிட்டேன். அவ குடத்தை இடுப்புல வெச்சு, எடது கையால வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு, கொழாயடிக்கும் வீட்டுக்குமா நாலு நடை நடந்தா. தண்ணி சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கி, முந்தியால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு வந்தா. கடியாரத்தைப் பாத்தா ஏதோ கொஞ்சூண்டு ஏறியிருக்கு. கை அசையலையே, அது என்ன செய்யும்! பெறகு உன் மக அழுதான்னு தொட்டில்கிட்ட முக்காலியைப் போட்டு உக்காந்தா. ஒரு கையில தொட்டிக்கயிறு, வாயில வெத்தலை, மனசுல எதுத்த வீட்டுக்காரி மேல ஆவலாதி. அரைமணி நேரம் ஆட்டுனா. உக்காந்த எடத்துலயே ஆயிரத்துக்கு மேல நடந்துட்டா! "நான் எங்கய்யா நடந்தேன்"ங்கா அவ. நடந்துட்டே தாயி, கம்பெனிக்காரன் சொல்லுதான், எதுத்துப் பேசாதேன்னேன். குண்டும் குழியுமான ரோட்டுல பஸ்ல போனாலும் கொஞ்சம் ஏறிக்கிடும். தண்ணி சொமந்தவளுக்குக் கூலி இல்லை, தொட்டிலாட்டுனவளுக்கு உண்டு. ஊரு ஒலகத்துக் கணக்குத்தான், புதுசு ஒண்ணும் இல்லை.

இன்னொரு பஞ்சாயத்து இருக்கு. நேத்து வெள்ளன ஓடிட்டு வந்து நீயே புலம்புனே. கடியாரம் 5.6 கிலோமீட்டருங்குது, போனுல இருக்கிற ஆப்பு 5.1ங்குது. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துவிட்டதுல ஒரே ஓட்டம் ரெண்டு தடவை பதிஞ்சு, 10.7 ஓடுனதா நிக்குது. அதுக்கு நாப்பத்தோரு பேரு கைதட்டல் வேற. நீயும் "பிழை, மன்னிக்கவும்"னு போடாம நன்றி சொல்லிக்கிட்டு இருக்கே. களவாணிப் பயலே!

கோளாறு எங்கன்னு சொல்லுதேன் கேளு. உன் கடியாரத்துல ஜிபிஎஸ் கெடையாது. நீ வாங்குனது வெலை கொறைஞ்ச ரகம். அது காலடியை எண்ணி, ஒரு எட்டுக்கு இம்புட்டு நீளம்னு பெருக்கிச் சொல்லுது. அந்த நீளத்தை உன்கிட்டக் கேட்டுச்சா? இல்லை. உன் ஒசரத்தை வெச்சுத் தானா எழுதிக்கிடுச்சு. போனு அப்படி இல்லை. இருவதாயிரம் கிலோமீட்டருக்கு மேல சுத்துற செயற்கைக்கோளுகள்ல நாலையாவது கேட்டுத்தான் நீ நிக்கிற எடத்தைச் சொல்லும். நவகிரகம் ஒம்பதைச் சுத்தியும் நமக்கு ஒண்ணும் நடக்கல, அதுக்கு நாலு போதும். அதுவும் சத்தியவந்தன் கெடையாது. அடர்ந்த புளியமரத்துக்குக் கீழயும், உங்க சென்னையில மாடிக்கட்டடத்துக்கு நடுவுலயும் சிக்னல் முட்டி மோதி வந்து கோட்டைக் கோணலாக்கிரும். நீ டீக்கடையில அசையாம நின்னு வடை திங்கும்போதுகூட ஆப்பு அங்கன கோழி கெளறுன மாதிரிக் கிறுக்கி வெச்சிருக்கும், பாரு.

எங்களுக்கு மெயில் ஓவர்சியர்னு ஒருத்தரு சைக்கிள்ல வருவாரு, ரன்னர் ஒழுங்கா நடக்கானான்னு பாக்க. "ஏய்யா, இந்த வழி அஞ்சரை மைலு வராதே"ன்னு ஒருநா மடக்குனாரு. மைல்கல்லுக்கு மைல்கல்லு என் நடையில 2,100 எட்டுய்யா, எண்ணிக்கிட்டே கூட வாங்கன்னேன். ரெண்டு கல்லு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கிட்டே வந்தாரு, மூணாவது கல்லுல ஏறி மிதிச்சுட்டாரு. நீயும் அதையே செய்யி. கீழ்ரோட்டுல ஒரு கிலோமீட்டர் கல்லுலேந்து அடுத்த கல்லு வரைக்கும், வழக்கமா ஓடுற வேகத்துல ஓடி எட்டை எண்ணு. 1,250 வந்துச்சுன்னா உன் எட்டு 80 செண்டிமீட்டர். கடியாரம் 88னு எழுதி வெச்சிருக்கும், அதான் அரைக் கிலோமீட்டர் உபரி. அமைப்புக்குள்ள போயி 80னு திருத்து. நடைக்கு வேற நீளம், ஓட்டத்துக்கு வேற நீளம், ரெண்டையும் தனித்தனியாப் போடு. பெறகு ரெண்டுல ஒண்ணை மட்டும் ஓட்டத்தை எழுதச் சொல்லு, இன்னொண்ணோட வாயைக் கட்டு. ஒரு வயலுக்கு ரெண்டு கணக்கப்பிள்ளை ஆகாது.

நாடி பாக்குற வித்தையையும் கேட்டுக்கோ. அந்தப் பச்சை வெளிச்சம் தோலுக்குள்ள போயி, ரத்தம் எம்புட்டைக் குடிக்குது, எம்புட்டைத் திருப்பி அனுப்புதுன்னு பாக்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் கொறையும்லா, அதை எண்ணுது. நீயோ வாரை வளையல் மாதிரித் தொளதொளன்னு விட்டிருக்கே. அப்படி இருந்தா வெளிச்சம் கசிஞ்சு, நெஞ்சுத் துடிப்பை விட்டுட்டு உன் காலு ஆட்டத்தை எண்ணிக்கிட்டுக் கெடக்கும். நேத்து நிமிசத்துக்கு 162 காலடி, துடிப்பும் 162. அப்பவே சந்தேகப்பட வேண்டாமா? மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரக்கடை மேல, இறுக்கமாக் கட்டு. அதுக்கும் மேல துல்லியம் வேணும்னா நெஞ்சுல கட்டுற பட்டை இருக்கு. உச்சத் துடிப்புக்கு 220ல வயசைக் கழிங்கான், அது குத்துமதிப்பு, ஆளுக்கு ஆளு பத்துக்கு மேல முன்ன பின்ன இருக்கும். எங்களுக்கு இருந்த மானி வேற: நடக்கும்போது எதுக்க வாரவன்கிட்ட "மழை உண்டா மாமா, வெத வெதைக்கலாமா"ன்னு ஒரே மூச்சுல கேக்க முடிஞ்சா நடை சரி. "மழ... உண்டா..."ன்னு இழுத்தா வெரசாப் போறோம்னு அர்த்தம். நீ ஓடும்போது இதைக் கேட்டுப் பாரு. காதுல மாட்டியிருக்கதைக் கழட்டிட்டுக் கேளு, பதிலும் வேணும்லா.

கலோரிக் கணக்கை மட்டும் தயவுசெஞ்சு என்கிட்டக் காட்டாதே. 2017ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு கருவிகளைச் சோதிச்சாக. நாடி ஓரளவுக்குச் சரியா வந்துச்சு. எரிச்ச கலோரியில மட்டும், இருக்கதுலயே நல்ல கருவி சராசரியா நூத்துக்கு 27 தப்பு, மோசமானது 93 தப்பு. அதை நம்பித்தானே நேத்து "420 எரிச்சுட்டேன் தாத்தா"ன்னு சொல்லி கோவில்பட்டிக் கடலை மிட்டாயி பாக்கெட்டை முழுசாக் காலி பண்ணுனே? 2020ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாயி அது. உன் கடியாரத்தை விட அதுக்கு மரியாதை கூட. தாத்தனுக்கு ஒரு துண்டு வைக்கணும்னு அந்த ஆப்பு நெனைவூட்டலையாக்கும்?

கடைசியா ஒண்ணு, இதுல நையாண்டி இல்லை. முப்பத்திரெண்டு வருசம் ஊரு ஊராத் தபால் பை சொமந்தவன் நான். யாருக்கு எங்கருந்து மணியார்டரு வருது, எந்தப் பொண்ணு யாருக்குக் கடுதாசி போடுதா, எல்லாம் தெரியும். வாயைத் தொறந்ததில்லை. உன் ஆப்பு அப்படி இல்லை. எத்தனை மணிக்கு எந்த வாசப்படியிலேந்து கெளம்புனே, எந்த வாசப்படியில வந்து நின்னேன்னு படம் போட்டு ஊருக்கு ஒட்டுது. 2017 கடைசியில ஸ்ட்ராவா ஒலகம் பூராவும் ஓடுனவக தடத்தையெல்லாம் சேத்து ஒரு வெளிச்சப் படம் வெளியிட்டுச்சு. 2018 சனவரியில ஆஸ்திரேலியாவுல படிச்சுக்கிட்டு இருந்த ஒரு பையன் அதைப் பாத்துட்டு, சிரியாவுலயும் ஆப்கானிஸ்தான்லயும் இருக்கிற ராணுவ முகாமெல்லாம் இதுல பளிச்சுன்னு தெரியுதேன்னு எடுத்துச் சொன்னான். சிப்பாயிக வேலிக்குள்ள ஓடுன ஓட்டமே வேலியைக் காட்டிக்குடுத்துருச்சு. அந்த வருசம் ஆகஸ்ட்ல அமெரிக்கா, போர்முனையில இருக்கவக எடங்காட்டுற கருவியைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. சிப்பாயிக்கே அந்தக் கெதின்னா, பச்சைப் பிள்ளையையும் பொண்டாட்டியையும் வீட்டுல விட்டுட்டு ஓடப்போற உனக்கு? வீட்டைச் சுத்தியுள்ள தூரத்தை மறைக்க ஆப்புலயே வழி இருக்கு. உன் தங்கச்சியைக் கேளு, ரெண்டு நிமிச வேலை. அதை முடிச்சுட்டுச் சாப்பிட உக்காரு.

கடியாரத்தைத் தேடாதே. காலம்பறயே ஆச்சி கைக்குப் போயிருச்சு. உன் மக தூங்கி அரைமணி ஆச்சு, ஆச்சி இன்னும் தொட்டிலை விடமாட்டேங்கா. மணி பதினொன்னரை. 6,212 ஆகியிருக்கு. உன் ஆபீசுக் குழுவுல நீ மூணாவது எடத்துக்கு வந்துட்டே.