ஓய்வுபெற்ற இராஜதானியிலிருந்து ஒரு கடிதம்

நாஞ்சிங்.

மகாகனம் பொருந்திய மாமா அவர்களுக்கு மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. 

தாங்களும் அத்தையும் சீன தேசத்துக்கு விஜயம் செய்ய உத்தேசித்திருப்பதாகவும், புறப்படுமுன் இந்நகரத்தின் பூர்வ விருத்தாந்தத்தையும் பிரயாண சௌகரியங்களையும் ஒன்றுவிடாமல் தெரிவிக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டிருந்தீர்கள். அத்துடன், தலைநகரமாகிய பீஜிங்கை விட்டுவிட்டு நாஞ்சிங்குக்கு எதற்காக வர வேண்டும் என்று அத்தை கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அத்தையின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லாமல் எந்தக் கடிதமும் அவ்வீட்டில் படிக்கப்படாது என்பதை நான் அறிவேன்.

கி.பி. 229இல் வூ இராச்சியத்தின் சிங்காசனம் ஏறிய இந்நகரம், 589 வரை ஆறு அரச வம்சங்களுக்கும், 1368 முதல் மிங் சக்கரவர்த்திகளுக்கும் தலைநகராக விளங்கி, 1421இல் யோங்லோ சக்கரவர்த்தி பீஜிங்குக்கு இடம்பெயர்ந்ததால் பதவி இழந்து, 1912இல் சுன் யாட்-சென் சீனக் குடியரசின் தற்காலிக ஜனாதிபதியாக இங்கே பதவியேற்றபோது சில மாதங்களும், 1927க்குப் பின் இடையிடையேயும் அப்பதவியை அனுபவித்து, 1949இல் நிரந்தரமாக ஓய்வு பெற்றது. பதவியிலிருக்கும் தலைமையாசிரியரைக் காணப் போகிறவன் வாசலில் காத்து நிற்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ வருகிறவனை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, எழுந்து போக விடாமல் பழங்கதை சொல்லுவார். இதைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, அத்தைக்கும் வேண்டியதில்லை. 1815இல் பதவி இழந்த கண்டிக்கு அருகிலேயே ஆயுளைக் கழித்த நமக்கு இத்தகைய நகரத்தின் சுபாவம் புதியதுமன்று.

இனிப் பிரயாணம். விசாவை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து ஷாங்காய்க்கு விமானம். அங்கிருந்து அதிவேக ரயில். இடைத்தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பிரயாணம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். நமது வத்தேகமையில் பஸ் ஏறி மடவளை வழியாகக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தை அடைவதற்குள் இங்கே ஒருவன் ஊர் விட்டு ஊர் போய் உத்தியோகத்தில் அமர்ந்துவிடுகிறான். கடவுச்சீட்டு இல்லாமல் ரயில் நிலையத்தில் காரியம் நடவாது. ஹோட்டலில் தங்கினால் பொலிஸ் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். என் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் நாமே போய்ப் பதிய வேண்டும்.

பணம் என்பது இங்கே கையால் தொடும் வஸ்துவாக இருப்பது அரிதாகிவிட்டது. சுட்ட வற்றாளங்கிழங்கு விற்கும் கிழவியும் சதுரப் புள்ளிக்கோலம் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள். கைபேசியை அதன்முன் காட்டினால் பணம் போய்ச் சேர்கிறது. ஆகவே அலிபே அல்லது வீசாட்டை நிறுவி, தங்கள் வங்கி அட்டையை அதனுடன் இணைத்துக்கொண்டு வாருங்கள். கூகிளும் வாட்ஸ்அப்பும் இங்கே சாதாரணமாக இயங்கா; அத்தை நித்தியம் உதயத்தில் அனுப்பும் முருகன் படங்கள் எனக்கு வந்து சேராததன் காரணம் இதுவே தவிர, எனது நாஸ்திகம் அன்று.

ஆகார விஷயம். நாஞ்சிங்கிலிருந்து எந்த வாத்தும் உயிரோடு தப்பியதில்லை என்று இவ்வூரார் தங்களையே பரிகாசம் செய்துகொள்வார்கள். உப்பிட்ட வாத்தும், வாத்தின் இரத்தக் கட்டி மிதக்கும் சேமியா ரசமும் இங்கே அவ்வளவு பிரசித்தம். சைவமாகிய அத்தைக்கு ஜிமிங் கோயிலின் மரக்கறி போசனசாலையே சரணாலயம். தேநீர் என்றால், ஏப்ரல் தொடக்கத்தில் கொய்யும் ஊசி போன்ற யூஹுவா இலையைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வெந்நீர் ஊற்றித் தருவார்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தினரான நாம் இதைத் தேநீர் என்று ஒப்புக்கொள்வதா என்பதைத் தாங்களே வந்து தீர்மானியுங்கள்.

பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது நகர மதில். பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பிய இம்மதிலில் சுமார் 25 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது. செங்கற்களில் சுட்டவன் பெயரும் மேற்பார்த்த அதிகாரியின் பெயரும் பொறித்திருக்கும். கல் சோடை போனால் யாரைப் பிடிப்பது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நமது மலைத்தெருக்களைச் செப்பனிடும் குத்தகைக்காரர்களுக்கும் இந்த ஏற்பாடு வந்தால் எத்தனை பெயர்களை நாம் மனப்பாடம் செய்ய நேரிடும்! சுன் யாட்-சென் சமாதிக்கு 392 படிகள். முழங்கால் சம்மதித்தால் ஏறலாம். கட்டணமில்லை, ஆனால் முன்பதிவு அவசியம், திங்கட்கிழமை மூடியிருக்கும். 1937 டிசம்பரில் ஜப்பானியச் சேனை இங்கே நடத்திய படுகொலையின் ஞாபகச் சின்னத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அங்கே பேச்சு எழாது.

ஜிமிங் கோயிலின் பக்கத்தில் ஆறாம் நூற்றாண்டில் லியாங் வம்சத்து வூ சக்கரவர்த்தி வாழ்ந்த கதையைக் கேளுங்கள். அவர் அவ்வப்போது கிரீடத்தைக் கழற்றிவிட்டுச் சந்நியாசியாகிக் கோயிலுக்குள் புகுந்துகொள்வார். மந்திரிமார் பெருந்திரவியத்தைக் கோயிலுக்குச் செலுத்தி அவரை மீட்டு வருவார்கள். இவ்வளவு தர்மம் செய்த எனக்கு என்ன புண்ணியம் என்று அவர் பௌத்த முனிவர் போதிதருமரைக் கேட்டதாகவும், ஒன்றுமில்லை என்று முனிவர் விடையளித்துவிட்டு ஆற்றைக் கடந்து போனதாகவும் ஐதிகம். போதிதருமர் காஞ்சிபுரத்தார் என்பது நம்மவர் கொள்கை. அரசன் முகத்துக்கு எதிரே இப்படிப் பேசியதைப் பார்த்தால் நம்மவராகத்தான் இருக்க வேண்டும்.

இலங்கையிலிருந்து முதலில் வருகிறவர்கள் நாம் என்று தாங்கள் பெருமைப்பட வழியில்லை. ஐந்தாம் நூற்றாண்டிலேயே நம் தீவின் பிக்குணிகள் இந்நகருக்கு வந்து சீனப் பெண்களுக்கு உபசம்பதை என்னும் முழுத் துறவற தீக்ஷை அளித்தார்கள். கம்பளை இராச்சியத்தின் அந்திமக் காலத்தில் அதிகாரம் செலுத்திய வீர அழகேஸ்வரனோ, 1411இல் விசாவும் இன்றிச் செலவும் இன்றி வந்து சேர்ந்தான். கடற்படைத் தலைவன் செங் ஹ அவனைச் சிறைபிடித்து வந்தான், சக்கரவர்த்தி மன்னித்துத் திருப்பி அனுப்பினார். அதே செங் ஹ காலிக்குக் கொண்டுவந்த கல்வெட்டு, 1409ஆம் வருஷத் தேதியுடன் இங்கே தயாரானது: சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்னும் இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம் என்று கிட்டத்தட்டச் சமமான காணிக்கை. மூன்று சமயத்தாரில் ஒருவருக்கும் குறை வையாத அக்கல்லை நாம் காலியில் மதகு மூடியாக வைத்திருந்து, 1911இல் கண்டெடுத்தோம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வர வேண்டாம். யாங்சி நதிக்கரை நகரங்களைச் சீனரே உலை என்பார்கள். ஏப்ரலிலோ அக்டோபரிலோ வாருங்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்தினம் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய், இப்போது அங்கே இருக்கும் அந்தக் கல்லின் தமிழைத் தாங்கள் ஒருமுறை வாசித்து அத்தைக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். இந்நகரத்தைப் பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த ஆயத்தம் வேறில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்