பட்டதாரியின் மகள் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

என் அப்பாவுக்கு பி.எஸ்சி. இயற்பியல் பட்டம் வழங்கியமைக்கு ஆலங்காயம் மக்கள் சார்பில் நன்றி. அஞ்சாங்கிளாசோடு நின்று, சந்தையில் புளி விற்கிற மனிதர். பரீட்சை எழுதியது நான். போன வாரம் சான்றிதழ் சரிபார்ப்பில், “அப்பாவை அனுப்பும்மா, அவருக்குத்தான் வேலை” என்று சிரித்தார்கள்.

தங்கள் போர்ட்டலில் ‘சர்நேம்’ என்றொரு கட்டம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. இனிஷியலோடு பிறந்து இனிஷியலோடு போய்ச்சேரும் ஊரில் சர்நேமுக்கு எங்கே போவது? அப்பா பெயரைப் போடச் சொன்னது தங்கள் உதவி எண்தான். கம்ப்யூட்டர் என்னை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அவரை முழுப் பெயரோடு பட்டதாரி ஆக்கிவிட்டது.

திருத்துவதற்கும் ஆன்லைன்தான், என்னே தங்கள் தொலைநோக்கு! இணையத்தில் நிரப்பி, பிரிண்ட் எடுத்து, கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, டிடி இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். அதைப் பிரித்துப் பார்த்து மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்ற அங்கே ஒருவர் இருக்கிறார்.

எங்களூருக்கு மேலே காவலூர் வானாய்வகம். 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதை 1977இல் அங்கிருந்தும் பார்த்துச் சொன்னார்கள். என் ஃபைல் தங்கள் கட்டடத்தில் எந்த மாடியில் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. இயற்பியல் பட்டதாரியான அப்பாவைக் கேட்டேன்; அவரும் விழிக்கிறார்.

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில்தான் விழுந்தது, அப்பா கணக்கில் அல்ல. பணம் போட்ட கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பெயர் பட்டம் அச்சடிக்கிற கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை? பழைய காகித வேலை ஒன்றைக்கூடக் குறைக்காமல் அதன் தலைமேல் கம்ப்யூட்டரை ஏற்றிவைத்துவிட்டு, அதைச் சீர்திருத்தம் என்கிறீர்கள். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசலிலிருந்தும் இருட்டோடு பஸ் ஏறி வருகிற பிள்ளைகளிடம் “சர்வர் டவுன், நாளைக்கு வா” என்று சொல்ல வாய் கூசவில்லையா? அவர்களின் ஒருநாள் கூலியை யார் தருவது?

மன்னிக்கவும், மலைக்காற்று கொஞ்சம் வேகமாக அடித்துவிட்டது. தங்கள் பெருந்தன்மையை அறிவேன்.

சர்நேம் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். கல்லூரியில் சேரும்போதே பதிந்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கர் 2015 முதல் இருக்கிறது. திருத்திய பட்டத்தை அதில் ஏற்றிவிட்டால், பச்சை மை தேடி நாங்கள் அலைய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. திருத்தம் வேண்டுமென்றால் ‘பட்டம் பெற்றவரே நேரில் வர வேண்டும்’ என்கிறது கவுன்ட்டர். விதிக்குக் கட்டுப்பட்டு ஏற்பாடு செய்துள்ளேன்.

இப்படிக்கு,
பட்டதாரியின் மகள்,
ஆலங்காயம்.

இணைப்பு:
1. ஆன்லைன் விண்ணப்பம் – பிரிண்ட், மூன்று பிரதிகள்
2. டிடி – ஒன்று
3. அப்பா – அசல்