வீட்டோடு வனவாசம்

1869ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி, யுத்தத்தில் வலக்கையை இழந்திருந்த ஜான் வெஸ்லி பவல், ஒன்பது பேரை உடன் சேர்த்துக்கொண்டு, நான்கு படகுகளில் பத்து மாதத்துக்கான ஆகாரத்தை ஏற்றி, வயோமிங் பிரதேசத்தில் கிரீன் நதியில் இறங்கி, கொலராடோ நதியின் மகா பள்ளத்தாக்கை நோக்கிப் பிரயாணப்பட்டார். வழியில் ஒரு படகு உடைந்தது. பன்றிக் கண்டம் ஊசிப்போய், இறுதியில் பூசணம் பூத்த மாவும் உலர்ந்த ஆப்பிளும் காபியுமே மிஞ்சின. ஆயினும், புறப்படுவதற்கு அவர் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டாலே போதுமானதாயிருந்தது.

இன்று அதே நதிதீரத்தைத் தரிசிக்க நெடும்பயணம் கிளம்பும் ஓய்வுபெற்ற அமெரிக்க கிருகஸ்தரோ, முப்பத்தைந்தடி நீளமுள்ள தம் மோட்டார் வீட்டை மோவாப் ஊரின் செம்பாறைகளின் அடியில் கொணர்ந்து நிறுத்திய மாத்திரத்தில், பாறைகளை ஏறெடுத்தும் பாராமல், மண்ணில் மண்டியிட்டு, ரசமட்டத்தின் குமிழியில் ஒரு யோகியைப்போல் திருஷ்டியை நிறுத்தி, சக்கரத்தடியில் பலகையைச் செருகுவதும் உருவுவதுமாக ஒரு நாழிகை கழிக்கிறார். ஏனெனில் வண்டி சாய்ந்து நின்றால் அதிலுள்ள குளிர்ப்பெட்டி சரிவர வேலை செய்யாது. குளிர்ப்பெட்டி முறைத்துக்கொண்டால் இல்லறம் நடவாது. பிறகு, குடிநீர்க் குழாயையும், பெயர் சொல்லக் கூசும் மற்றொரு குழாயையும் இடம் மாறாமல் (அதுவே முக்கியம்) பொருத்திவிட்டு, பாலைவனத்தின் மௌனத்தை நிம்மதியாக அனுபவிக்கும் பொருட்டு ஜெனரேட்டரை முடுக்குகிறார்.

நதி ஜன்னலுக்கு நேரெதிரேதான் ஓடுகிறது. வெளிச்சம் தொலைக்காட்சிமேல் விழுந்து படம் தெரியாதபடியால் திரைச்சீலையை இழுத்துவிட்டிருக்கிறார்கள்.