வெறுங் கெப் துள்ளத்தான் செய்யும்

2020 மார்ச்சில் இழுத்து மூடப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்ததும், ஐந்து வருடம் பொறுத்திருந்தவர்களின் ஆசையெல்லாம் டபிள் கெப் உருவத்தில் வந்து இறங்கியது. மன்னார்த் தீவுக்கும் வந்தது. புதுக் கெப் ஒன்று பெரிய பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்தால் முதல் கிழமை அதன் நிறத்தைப் பற்றிப் பேச்சு, இரண்டாம் கிழமை அதற்குக் கட்டிய வரியைப் பற்றிப் பேச்சு, மூன்றாம் கிழமை, பின்சீற்றில் வந்த மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது சொன்ன ஒரே ஒரு வசனத்தைப் பற்றிப் பேச்சு: "தம்பி, இது துள்ளுதே!" அதோடு உரிமையாளரின் நித்திரை போய்விடும். கோடியைத் தாண்டிக் காசு கொடுத்த வண்டி துள்ளலாமா? கராஜுக்கு ஓடுவார். ஒருவர் ஸ்பிரிங் பிளேட்டில் ஒன்றைக் கழற்றச் சொல்வார், இன்னொருவர் சொக்கை மாற்றச் சொல்வார், மூன்றாமவர் வண்டியையே மாற்றச் சொல்வார். நான் இவர்கள் யாருடைய கட்சியும் இல்லை. கெப்பில் பழுது எதுவும் கிடையாது. சுமக்கப் பிறந்த ஒன்றுக்குச் சுமை கொடுக்காமல் வைத்திருக்கிறோம், அது துள்ளுகிறது. மன்னாரில் இதற்கு உதாரணம் தேடி அலையவும் வேண்டாம். அந்தக் காலத்து அரபு வணிகர்கள் பொதி சுமக்கக் கொண்டுவந்து விட்டவை என்று சொல்லப்படும் நம்மூர்க் கழுதைகள், பொதியெல்லாம் லொறிக்குப் போனபிறகு, நடுவீதியில் நின்று தங்கள் இஷ்டத்துக்கு உதைப்பதைத் தினமும் பார்க்கிறோம். காலில் ஓர் எலும்பைக் கழற்றினால் கழுதை சாந்தமாகிவிடும் என்று இதுவரை யாரும் யோசனை சொன்னதில்லை.

ஷோரூமில் ஒருவரும் குனிந்து பார்க்காத இடம் ஒன்று உண்டு: வண்டியின் பின்பக்கத்து அடிவயிறு. பின் அச்சின் இரு பக்கமும் வில்லாக வளைந்த இரும்புப் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் அச்சோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். மேலே இருப்பவை நீளம், வளைவும் கூட. பல கெப்புகளில் ஆகக் கீழே ஒரு பிளேட் மட்டும் மற்றவற்றைவிடத் தடிப்பாக, கிட்டத்தட்ட நேராக, மேலிருப்பதை நுனியில் தொடாமல் சற்று விலகி நிற்கும். அந்த நுனியில் பூசிய கறுப்புப் பெயின்ட் உரசல் படாமல் அப்படியே மினுங்கினால், அந்த வீட்டில் கெப் எதற்கு வாங்கப்பட்டது என்பதை வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பாரம் ஏறி மேல் பிளேட்டுகள் தாழ்ந்துவந்து தன்மேல் உட்காரும் வரை அந்தத் தடித்த பிளேட்டுக்கு உத்தியோகமே கிடையாது.

இனிக் கணக்கு. டபிள் கெப் தன் பாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு தொன். அதன் முதுகில் இன்னும் ஒரு தொன் ஏற்றலாம் என்ற நினைப்பில்தான் அதைச் செய்கிறார்கள். எஞ்சின் முன்னால் இருப்பதால் வெறும் வண்டியின் எடையில் பாதிக்கும் குறைவுதான் பின் அச்சுக்கு வருகிறது. ஏற்றும் சாமானோ பெரும்பாலும் பின் அச்சின் தலையிலேயே விழுகிறது. ஆக, நிறைசுமையில் பின் ஸ்பிரிங் தாங்குவது வெறுமையில் தாங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்பிரிங் எவ்வளவுக்குத் தாழ்கிறதோ அவ்வளவுக்கு ஆறுதலாக ஆடும் என்பது பௌதிகவியல். தன்மேல் உள்ள பாரத்தால் 25 சென்ரிமீற்றர் தாழ்ந்த ஸ்பிரிங் வினாடிக்கு ஒருதரம் ஆடும்; 6 சென்ரிமீற்றர்தான் தாழ்ந்தது என்றால் வினாடிக்கு இரண்டுதரம். சொகுசுக் கார்களை வினாடிக்கு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் ஆடும்படி செய்கிறார்கள். வெறுங் கெப்பின் பின்பக்கம் இரண்டை எட்டிவிடுகிறது. மாமியின் இடுப்பு அறிவித்தது இதைத்தான். பாரத்தை இரட்டியுங்கள், அதே ஸ்பிரிங்கில் இரண்டு என்பது 1.4 ஆகிவிடும். (தடித்த பிளேட் உத்தியோகத்துக்கு வந்தால் இது கொஞ்சம் கூடும், ஆனால் அப்போது வண்டியில் மாமி இருக்கமாட்டார், சீமெந்து இருக்கும்.)

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் மதவாச்சி வீதியைப் பார்க்கட்டும். பேசாலையில் ஐஸும் மீனும் நிறைத்துக்கொண்டு புறப்படும் வண்டி, பாலத்து இணைப்புகளில் ஒரு தலையாட்டலோடு மரியாதையாகக் கடந்து போகும். மீனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே வண்டி, அதே வீதி, அதே சாரதி. பின்னால் வெறும் பிளாஸ்டிக் பெட்டிகள் ஒவ்வொரு இணைப்பிலும் எழும்பி விழுந்து கூத்தடிக்கும். போகும் வழியில் நல்லதாக இருந்த ஸ்பிரிங் வரும் வழியில் கெட்டுப்போகாது. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும் கெப்புகளையும் பாருங்கள். முன்னுக்கு இரண்டு பேர், பின்சீற்றில் மூன்று பேரும் மடியில் பிள்ளைகளும், பெட்டியில் பாய், சட்டி, அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணீர்க் கான். வருடத்தில் அந்தக் கெப் ஆக மென்மையாக ஓடும் பயணம் அதுதான். பரலோக மாதாவின் புதுமைகளில் இதையும் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர்க் கானுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தால் போதும்.

எடையை வைத்து ஓட்டத்தைத் திருத்துவது ஏதோ நாட்டு வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு மொரிஸ் ஒல்லியின் கதை தெரிந்திருக்காது. ரோல்ஸ் ரோய்ஸில் இருந்து கடிலாக்குக்கு வந்த பொறியியலாளர் அவர். 1932இல் ஒரு பெரிய காரில் எடைகளைப் பூட்டி, அவற்றை அங்குமிங்கும் நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்தார். எடை எங்கே இருக்கிறது, முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தாழ்கின்றன என்பதைப் பொறுத்தே வண்டி தலையாட்டுவதும் அடங்குவதும் என்று தெரிந்தது. துள்ளலை அளக்க உருப்படியான கருவி அன்றைக்கு இருக்கவில்லை. ஏறி இருந்து ஓடிப் பார்த்து, உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பதே பரிசோதனை. அதாவது உலகத்தின் பெரிய கார்க் கம்பனி ஒன்று மாமியின் முறையைத்தான் கையாண்டது.

இங்கே கராஜ்காரர் குறுக்கிடுவார். "ஒரு பிளேட்டைக் கழற்றினால் அரை மணித்தியால வேலை, எதற்கு இவ்வளவு பிரசங்கம்?" எந்தப் பிளேட்டை என்று கேட்க வேண்டும். ஆகக் கீழே உள்ள தடித்ததைக் கழற்றினால், வெறும் வண்டியில் அது வேலையே செய்யாதபடியால், துள்ளல் கடுகளவும் மாறாது. காசு கொடுத்தவர் மட்டும் "இப்ப நல்ல வித்தியாசம்" என்பார். காசு கொடுத்தவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். மேலே உள்ளதில் ஒன்றைக் கழற்றினால் வண்டியின் ஆட்டம் உண்மையாகவே மென்மையாகும். ஆனால் இந்தப் பிளேட்டுகள் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை. பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பவையும் அவைதான். பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும் அவையே. சில கெப்புகளில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பார்த்து, பாரம் எவ்வளவு என்று ஊகித்து, பின் சில்லுகளுக்குப் பிரேக்கைப் பங்கிடும் ஒரு வால்வும் உண்டு. பிளேட் குறைந்து பின்பக்கம் தாழ்ந்தால், வெறும் வண்டியைப் பாரவண்டி என்று அந்த வால்வு நம்பிவிடும். மழை நாளில் தாம்போதியில் சடுதியாகப் பிரேக் போடுகிறவருக்கு அந்த நம்பிக்கை நல்லதல்ல. ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய கம்பனியின் சாட்சியமும் இருக்கிறது. நிஸான் தன் நவாரா கெப்பில் பிளேட்டுகளை விட்டுவிட்டு, கார்களைப் போலச் சுருள் ஸ்பிரிங்கைப் பின்னால் பூட்டி 2015இல் அவுஸ்திரேலியாவில் விற்றது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடுகிறது என்று அங்கே முறைப்பாடு. அடுத்த மூன்று வருடத்துக்குள் இரண்டு தடவை திருத்தினார்கள். சம்பளம் வாங்கும் பொறியியலாளர் பட்டாளமே ஒரே தரத்தில் சரிக்கட்ட முடியாத விஷயத்தை, ஒரு சாவியும் சுத்தியலும் அரை மணித்தியாலத்தில் சரிக்கட்டும் என்று நான் நம்பவில்லை.

அடுத்த ஆட்சேபம் றோட்டைப் பற்றியது: "வண்டியில் பிழையில்லை, றோட்டில்தான் பிழை." மன்னாரில் இந்த வாதத்துக்கு முன்பு இருந்த பலம் இப்போது இல்லை. 2010இல் புதுப் பாலம் வந்தது. மதவாச்சி வீதியும் பூநகரி வீதியும் காப்பெட் போட்டவை. வெறுங் கெப் அவற்றிலும் துள்ளுகிறது. உள்ளூர்க் கிரவல் றோட்டுகளில் மட்டும் ஆட்சேபத்தை அரைவாசி ஒப்புக்கொள்கிறேன். அங்கே குறுக்குக் குறுக்காக அலையடித்துக் கிடக்கும் மண்ணில் எந்த வண்டியும் பல்லைக் கிட்டவைக்கும். ஆனால் அந்த அலையை அங்கே போட்டது யார்? 2007இல் மணலில் சில்லை உருட்டிப் பரிசோதித்த பௌதிகவியலாளர்கள், ஸ்பிரிங்கே இல்லாத சில்லுகூடக் குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டினால் மண்ணில் அலை எழுப்பிவிடும், அதற்குக் கீழே ஓடினால் மண் தட்டையாகவே இருக்கும் என்று காட்டினார்கள். பிரதேச சபையைத் திட்டிக்கொண்டு அறுபதில் பறக்கும் சாரதி, நாளைக்குத் தான் திட்டப்போகும் றோட்டை இன்றைக்கே தயாரித்துக்கொண்டு போகிறார்.

சரி, என்னதான் செய்வது? ஆக மலிவான வைத்தியம் டயரில் இருக்கிறது. கப்பலில் வரும் வண்டிகளின் டயர்களுக்குக் காற்றைக் கூட்டி அடித்து அனுப்புவது வழக்கம். விற்பவர் அதைக் குறைத்துத் தரவேண்டும், குறைத்தாரா என்று பார்ப்பது நம் பாடு. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை இறாத்தல் காற்று என்பதை அதில் பாருங்கள். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச வரம்பு, அது உங்களுக்கல்ல. பல கெப்புகளில் சுமையோடு ஒரு கணக்கு, சுமையில்லாமல் ஒரு கணக்கு. நம் ஆட்கள் சுமையில்லாமல் ஓடிக்கொண்டு சுமையுள்ள கணக்குக்கு அடிப்பார்கள், "கெப் தானே, நல்லா அடியுங்கோ" என்று சிபாரிசும் செய்வார்கள். விடியற்காலையில், டயர் சூடாக முன் அளக்க வேண்டும். பத்துப் பாகை சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை இறாத்தல் கூடிக் காட்டும், மன்னார் மத்தியானத்துக்குப் பத்துப் பாகை ஒரு பொருட்டல்ல. ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே இறக்குவது கடற்கரை மணலில் புதைந்தவருக்கு மட்டும் உள்ள சலுகை. தார் வீதிக்கு ஏறியதும் திருப்பி அடித்துவிட வேண்டும்.

டயருக்குப் பிறகு சுமை. நூறு, நூற்றைம்பது கிலோ போதும். பெட்டியின் முன்சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் வைத்து, அசையாமல் கட்ட வேண்டும். அச்சுக்குப் பின்னால் வைத்தால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் மிதக்கும். கட்டாமல் வைத்தால் சடுதி பிரேக்கில் மூட்டை கண்ணாடி வழியாகச் சாரதிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். மணல் நல்லது, ஆனால் கனியமண் அகழ்வுக்கு எதிராக ஊரே குரல் கொடுக்கும் தீவில், கெப்பில் மணல் மூட்டையோடு போய் விளக்கம் சொல்லும் துணிவு வேண்டும். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோமே என்று உப்பு மூட்டையைப் போட்டுவிடாதீர்கள். துள்ளல் அடங்கும், கூடவே பெட்டியும் அடங்கிவிடும். நாலைந்து தண்ணீர்க் கான்களை நிரப்பிக் கட்டினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கோடைக்கு உதவவும் செய்யும். சொக் கடைசி. அது பாரம் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. வெறுமையாக ஓடுகிறவர் "ஹெவி டியூட்டி" என்று எழுதியதை வாங்கிப் பூட்டினால் துள்ளலுக்குப் பதில் குத்தல் கிடைக்கும்.

எரிபொருள் வீணாகாதா என்பவர்களுக்கு: இரண்டு தொன் வண்டிக்கு நூறு கிலோ என்பது, பின்சீற்றில் ஒரு மைத்துனரும் அவருடைய பயணப்பையும். கௌரவம் என்னாவது என்பவர்களுக்குப் பதில் சொல்வது சிரமம். கெப் வாங்குவதே சுமக்கக்கூடியவர் என்று காட்டத்தான், சுமப்பதற்கல்ல என்று ஒரு கட்சி இருக்கிறது. அந்தக் கட்சிக்குக் கார் வாங்குங்கள் என்றால் கோபம் வரும். உயரமான வண்டி வேண்டும் என்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்தில் அந்த வாதத்தை என்னால் மறுக்க முடியாது. உயரத்துக்காகக் கெப் வைத்திருங்கள். தண்ணீர்க் கானைக் கட்டிவிட்டு வைத்திருங்கள். எப்படியும் உங்கள் கெப் இப்போது துள்ளுவதில்லை என்ற செய்தி மாமி வாயால் ஊருக்குள் பரவியதும், எருக்கலம்பிட்டியில் வீடு மாறுகிற ஒருவரும், முருங்கனில் நெல் கிடக்கிற இன்னொருவரும் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பது தெரியவரும். அப்போது கானை இறக்கிவிட்டு, ஸ்டிக்கரில் உள்ள மற்றக் கணக்குக்குப் பின் டயரில் காற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.