சீசன் மச்சான்

மார்ச் கடைசியில் வெள்ளவத்தையிலிருந்து போன் வந்தால், எடுக்காமலே தெரியும். சீசன் மச்சான்.

"மச்சான், இந்த ஏப்ரலுக்கு எங்க போவம்? நுவரெலியாவா, ஹட்டனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பதிலும் அவரே சொல்லிவிடுவார். "நுவரெலியாவில ஒரே சனம். ஹட்டன்தான் நல்லம். சின்ன டவுன், அமைதி."

என் அக்காவின் கணவர். பிறந்தது டிக்கோயாவில் ஒரு தோட்டத்து லயத்தில். பதினெட்டு வயதில் புறக்கோட்டைக் கடையொன்றுக்கு வேலைக்குப் போனவர். இன்று சொந்தக் கடை, ஃபிளாட், வேன். 'நல்லாருக்கு' என்பது 'நல்லம்' ஆனதும் கொழும்பில்தான். வேன் கினிகத்தேனை தாண்டியதும் பழைய பேச்சு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் வீட்டுக்கு ஒரு சீசன் மச்சான் தேறுவார். எங்களுடையவர் கொஞ்சம் தடிமன்.

ஹட்டனைப் புகழ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "ரயில் டவுனுக்குள்ளயே வந்து நிக்குது. நுவரெலியாவுக்கு எங்க ஸ்டேஷன்? நானுஓயாவில எறங்கி எட்டு கிலோமீட்டர் வேன் புடிக்கணும்! ஹட்டன் நேஷனல் பேங்க் எங்க தொடங்கினது? 1888இல், நம்ம ஹட்டன்ல!" ஏதோ அவருடைய பாட்டன்தான் முதல் கணக்கைத் திறந்த மாதிரி. அந்தக் காலத்தில் எங்கள் பாட்டன்மாருக்கு இருந்த ஒரே கணக்கு, கங்காணியிடம் இருந்த கடன் கணக்கு.

அவர் தேடிவரும் அமைதி எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். நடுச்சாமத்திலும் ஹட்டனில் பஸ்கள் உறுமும். "நல்லதண்ணி! நல்லதண்ணி! மஸ்கெலியா!" என்று கொண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். போன வருசம் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் மகன் திடுக்கிட்டு எழுந்து, "அப்பா, சண்டையா?" என்று கேட்டான்.

தங்குவது எங்கள் வீட்டில். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு போர்வைப் பற்றாக்குறை. முதல் நாள் ரொட்டியும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, இதுதான் வாழ்க்கை!" என்பார். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "சும்மா நுவரெலியா வரைக்கும் போயிட்டு வருவமே. பிள்ளைகள் கேக்குதுகள்." பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். கொழும்பில் "ஹட்டனுக்குப் போனோம்" என்றால் அடுத்த கேள்வி, "தோட்டமா?" "நுவரெலியாவுக்குப் போனோம்" என்றால், "எந்த ஹோட்டல்?" நுவரெலியா இன்னும் அறுநூறு மீட்டர் உயரத்தில், 1868 மீட்டரில் இருக்கிறது என்பது உண்மைதான். குளிரும் கூடத்தான். ஆனால் அங்கே மட்டும் தேயிலை இல்லையா? டவுன் எல்லை வரைக்கும் தோட்டம்தான். அங்கே அதற்குப் பெயர் 'வியூ'.

சென் கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் வேன் நிற்கும். அக்கா இறங்கிப்போய், கொழுந்து எடுக்கும் பெண்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். மச்சான் மட்டும் இறங்கமாட்டார். ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். அவருடைய அம்மா முப்பது வருசம் கூடை சுமந்தவர்.

தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா தாண்டி நுவரெலியாவில் நுழைந்ததும் ஆளே மாறிவிடுவார். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் கந்தோருக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுப்பார். அதற்குள் போய் ஒரு முத்திரை வாங்கியதில்லை. ஹில் கிளப் வாசலில் வேனை மெதுவாக்குவார். 1876இலிருந்து இருக்கும் கிளப். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். "அடுத்த வருசம் கோட் கொண்டாரணும்" என்பார். ஒன்பது வருசமாக அந்தக் கோட் வெள்ளவத்தையில் தொங்குகிறது.

போன ஏப்ரலில் கிரகரி வாவிக்கரையில் மாட்டிக்கொண்டார். ஆளுநர் கிரகரி 1873இல் இந்த வாவியை அமைத்தபோது, வெள்ளவத்தை முழுவதும் ஒரே நாளில் வந்து இறங்கும் என்று நினைத்திருக்கமாட்டார். அன்னப் படகுக்கு அவ்வளவு நீள வரிசை. குதிரைச் சவாரிக்கு வேறு வரிசை. மச்சான் என்னுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சோளம் கடித்தபடி நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல். அவருடைய ஃபிளாட்டில் மூன்றாம் மாடிக்காரர், குடும்பத்தோடு.

"அட, நீங்களுமா! எந்த ஹோட்டல்?"

சோளம் வாயருகே நின்றுவிட்டது. மச்சான் வாவியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஹோட்டல்லாம் ஒரே சனம் அண்ணே. நாங்க டிக்கோயாப் பக்கம் ஒரு பங்களாவில நிக்கிறம். நல்ல அமைதி."

மூன்றாம் மாடிக்காரரின் முகம் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். "பங்களாவா? எங்களுக்கும் ஒண்டு சொல்லியிருக்கலாமே" என்றார்.

இரவு வீடு திரும்பி, அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அம்மா அடுப்படியைப் பார்த்தார், ஒழுகும் தகரத்துக்கடியில் வைத்த வாளியைப் பார்த்தார்.

"பங்களான்னா அப்பு ஒருத்தர் இருக்கணுமே, சமைச்சுப் போட?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிளேன்டீ போட எழுந்தேன்.