பின்பக்கச் சத்தமும் ஆறு புஷ்ஷும்

அம்பாசடர் காரின் பின் ஆக்சிலைப் பாடியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகள். பட்டறை வழக்கில் பட்டை. பட்டையின் முன் முனை ஒரு போல்ட்டில் அசையாமல் மாட்டப்பட்டிருக்கும். பின் முனை ஷேக்கிளில் தொங்கும். பாரம் அழுத்தும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கவே ஷேக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. இரும்போடு இரும்பு உரசாமலிருக்க, பட்டையின் முன் கண்ணில் ஒன்று, ஷேக்கிளின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பக்கத்துக்கு மூன்று இடங்களில் ரப்பர் புஷ் உண்டு. மொத்தம் ஆறு இடம். வண்டியில் விலை குறைந்த சாமான்களில் இதுவும் ஒன்று. விலையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் உழைப்பில் வசூலித்துவிடும்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி இது. நம் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்ததோ 1965 அக்டோபர் 2 அன்று. ஆகவே அம்பாசடர் மாவட்டத்துக்கே மூத்தது. அந்த மரியாதையோடுதான் அதை அணுக வேண்டும். 2004இல் கிருஷ்ணகிரியும் தனியாகப் போயிற்று. மாவட்டம் ஒரு தடவை பிரிவதற்குள் புஷ் பல தடவை பிரிந்துவிடும்.

புஷ் தேய்வதற்குக் காரணங்கள் வெயில், வயது, ஒழுகும் ஆயில், வேகத்தடை ஆகியவை. இவற்றோடு மாம்பழ சீசனில் பாலக்கோட்டுப் பக்கம் போய்வருபவர்கள் டிக்கியில் ஏற்றும் கூடைகளையும், ஒகேனக்கல் கிளம்பும்போது ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று ஏற்றப்படும் உறவினர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேய்ந்ததற்கு முதல் அறிகுறி ‘கொடக்’ என்ற சத்தம். குடும்பத்தில் இது மூன்று கட்டங்களைக் கடக்கும். ‘டிக்கியில் ஸ்டெப்னி ஆடுது’ என்பது முதல் கட்டம். ‘ரோடு சரியில்லை’ என்பது இரண்டாவது. பின் சீட்டில் இருக்கும் மாமனார், “மாப்ள, எறக்கி விடுங்க, நான் பஸ்ல வந்துடறேன்” என்று சொல்வது மூன்றாவது. சத்தத்தைவிடக் கவனிக்க வேண்டியது, வளைவில் பின்பகுதி தாமதமாகத் திரும்புவதுபோல் தோன்றும் ஆட்டம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. வீட்டு வாசலிலேயே ஷேக்கிளுக்கும் பட்டைக்கும் நடுவே லிவரைக் கொடுத்து நெம்பினால் போதும். இரும்பு தாராளமாக அசைந்தால் புஷ் போயிற்று.

வேலைக்கு மண் தரை ஆகாது. சிமென்ட் தரை வேண்டும். அம்பாசடரின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவற்றையே தூக்கிவிட்ட பிறகு, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது என்ற நிம்மதி மனசுக்கு மட்டுமே. எனவே முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். பாடியின் அடிச்சட்டத்தை இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி வைத்து, பட்டையில் இழுப்பு இல்லாதபடி ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவருக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை.

அடுத்த கட்டம் போல்ட். முதல் நாள் இரவே துருவில் ஆயில் விட்டு ஊற வைத்தால் பாதி வேலை குறையும். மீதிப் பாதிக்குள் ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தால், தெருவில் போகிற யாரும் நிற்காமல் போவதில்லை. ஒருவர் “சூடு பண்ணுப்பா” என்பார். இன்னொருவர் “சூடு மட்டும் பண்ணிடாதே” என்பார். ரப்பரும் பெட்ரோல் டேங்கும் அருகருகே இருக்கும் இடத்தில் இரண்டாமவர் பேச்சைக் கேட்பதே நல்லது. ஆலோசகரிடம் டார்ச் லைட்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னால், பெரும்பாலும் அவருக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

கழன்று வரும் பழைய புஷ் பார்க்க வேண்டிய பொருள். வட்டமாக இருந்த துளை ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகியிருக்கும். விளிம்பு ரப்பர் வெடித்து, விரலால் கிள்ளினால் கறுப்புத் தூளாக உதிரும். ஷேக்கிள் புஷ் இரண்டு துண்டுகளாக இருப்பதால் எளிதில் வந்துவிடும். முன் கண்ணில் இருப்பது பிடிவாதக்காரர். அதன் வெளிக்கூட்டை ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து கவனமாக அறுத்து, பட்டையின் கண்ணில் கீறல் விழாமல் தட்டி எடுக்க வேண்டும். கண்ணைத் துருப்போகத் தேய்த்துத் துடைத்த பிறகே புதியது ஏற வேண்டும்.

ரப்பர் வழுக்கிக்கொண்டு ஏற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் என்ஜின் ஆயிலும் கூடாது. இயற்கை ரப்பர் அவற்றைக் குடித்து ஊதிவிடும். சோப்பு கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். அது இயற்கை ரப்பரைக் கெடுக்காது. ஆமணக்கு விளையும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. புஷ்ஷைச் சுத்தியால் நேரடியாக அடித்து ஏற்றாமல், வைஸில் அல்லது நீளமான போல்ட்டும் வாஷரும் வைத்து மெல்ல இழுத்து ஏற்ற வேண்டும்.

வீட்டில் செய்பவர்களில் பலர் தவறுவது கடைசிப் படியில். வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே நட்டுகளை முழுசாக முறுக்கிவிட்டால், அந்த நிலையிலேயே புஷ் இறுகிக்கொள்ளும். வண்டி இறங்கிப் பாரம் ஏறியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாளெல்லாம் கிடந்து சீக்கிரம் கிழியும். எனவே முதலில் தளர்வாக மாட்டி, சக்கரங்களைத் தரையில் இறக்கி, நாலு தடவை டிக்கியை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகே கடைசி முறுக்கு. அமுக்குவதற்கு மேற்படி ஆலோசகர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தால் ‘கொடக்’ நின்றிருக்கும். அதுவரை அந்தச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த கதவு, டேஷ்போர்டு, சைலன்சர் ஆகியவை ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். அவை வேறு கணக்கு. ஒரு வாரம் கழித்து எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பட்டையிலேயே வெடிப்புக் கண்டால் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. லாரிக்குப் பட்டை கட்டும் பட்டறைக்குத்தான் வண்டியைக் கொண்டுபோக வேண்டும்.