மெல்பர்ன் கடிதம்: தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு

“சைக்கிளுக்கா ஹெல்மெட்? அப்ப நடந்து போறவனுக்கு என்னடா மாட்டி விடறான்?” என்று வீடியோ காலில் கேட்டார் கும்பகோணத்து அம்மா ஒருவர். மெல்பர்னின் கிளேட்டனில் குடியேறியிருக்கும் மகன் திருதிருவென்று விழித்தார்.

அம்மா கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் மோட்டார் பைக் ஓட்டுகிறவர்களின் தலையில் ஹெல்மெட்டை ஏற்றவே உயர் நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது. 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்றார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலமோ அதற்குச் சரியாக 25 வருஷம் முன்பு, 1990 ஜூலை 1 அன்றே, சைக்கிள்காரர்களுக்கு இந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டது. உலகத்திலேயே முதல் தடவை. பக்கத்து நியூ சௌத் வேல்ஸில் 2016இல் அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலருக்கு ஒரே தூக்காகத் தூக்கினார்கள். அந்தக் காசுக்குச் சாதாரண ஹெல்மெட் பத்து வாங்கலாம். நம்மூரில் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து வருமே ஹெல்மெட், அந்த வித்தையும் இங்கே செல்லாது. தலையில் இருந்தாலும் வாரைப் பூட்டியிருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தால் சைக்கிள் திட்டமே ஒன்று திண்டாடிப்போனது. 2010இல் மெல்பர்ன் நகருக்குள் நீல நிற வாடகை சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சைக்கிள் தயார், தலைக்கு? ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டா ஊர் சுற்றுவார்கள்? செவன் லெவன் கடைகளில் மானிய விலையில் 5 டாலருக்கு விற்றுப் பார்த்தார்கள். பிறகு சைக்கிளிலேயே இலவசமாகத் தொங்கவிட்டார்கள். முந்தின ஆள் தலையில் என்ன எண்ணெய் தடவியிருந்தாரோ, யார் கண்டது! 2019இல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

நம் கும்பகோணத்துக்காரர் கேமார்ட்டுக்கும் சைக்கிள் கடைக்குமாக நடையாய் நடந்தார். மலிவுக் கடையான கேமார்ட்டில் 20 டாலர் சுமாருக்குக் கிடைப்பது, சைக்கிள் கடையில் 300 டாலர் வரை போகிறது. இரண்டிலும் 2063 என்ற அதே தர எண். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பட்டடை மேல் போட்டுப் பார்க்கும் பரீட்சையில் 20 டாலரும் பாஸ், 300 டாலரும் பாஸ். உள்ளே இருக்கும் சரக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: டிவி பெட்டியில் வரும் தெர்மோகோல், இன்னும் கொஞ்சம் கெட்டியாக. அடி விழுந்தால் அது நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மறுபடி உப்பாது. ஒருமுறை பலமாக விழுந்த ஹெல்மெட்டைத் துடைத்துவிட்டு மாட்ட முடியாது, குப்பைக்குத்தான். செகண்ட் ஹாண்டில் வாங்காதே என்று சொல்வதும் அதனால்தான்.

மிச்சக் காசு எதற்கு? பெரும்பகுதி காற்றோட்டத்துக்கும், எடையில் சில கிராம் குறைவதற்கும், பெயருக்கும். மிப்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஏற்பாடு மட்டும் யோசிக்க வேண்டியது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று. சாய்வாக விழும்போது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வழுக்கிக்கொடுத்து, தலை திருகுவதைக் குறைக்கப் பார்க்கிறது. அதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஹெல்மெட்டுகளை இடித்துப் பார்த்து நட்சத்திரம் போடுகிறது. ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் மலிவு ரகமான அலைன் 2 அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சிலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகப் பர்ஸைவிட மண்டையைத்தான் அளக்க வேண்டும். தையற்காரரின் இஞ்ச் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி சென்டிமீட்டர் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கடையில். ஒரே சுற்றளவிலும் உருண்டைத் தலை உண்டு, நீளத் தலை உண்டு. நெற்றியில் மட்டும் அழுத்தினால் அது வேறு யாருக்கோ செய்த ஹெல்மெட். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், காதுக்குக் கீழே வார்கள் கூடுமிடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. பின்பக்கத் திருகை மட்டும் இறுக்கி, வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டினால் நகரக்கூடாது. இவர் கடைக்கு நடுவில் நின்று சாமி வந்தவர் மாதிரி ஆட ஆட, விற்பனைப் பெண் இரண்டடி பின்வாங்கினாள். மனைவிக்கு வேறு சிக்கல்: கொண்டை திருகில் இடித்தது. கொண்டையைப் பின்னலாக்கிக் கழுத்தோரம் இறக்கிப் போட்டதும் சரியானது. உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினார்கள். தேங்காய் எண்ணெய்க் குடும்பத்துக்கு இது மிப்ஸைவிட முக்கியம்.

காஃபீல்டிலிருந்து டேன்டினாங் வரை ரயில் தடத்தை ஒட்டி, சில இடங்களில் பறக்கும் ரயிலுக்கு அடியிலும் ஓடும் 17 கிலோமீட்டர் ஜெரிங் பாதையில் சுகமாகப் போய்வந்தவருக்கு, செப்டம்பரில் வேறொரு பரீட்சை. முட்டை, குஞ்சு காக்கும் ஆண் மேக்பை பறவை பின்னாலிருந்து பாய்ந்து ஹெல்மெட்டில் டொக்கென்று கொத்தும். ஆஸ்திரேலியர்களின் கைவைத்தியம், ஹெல்மெட்டின் துளைகளில் கேபிள் டைகளைச் சொருகி நிறுத்திக்கொள்வது. இவரும் சொருகினார். பறவை அதைச் சட்டை செய்யவில்லை. சட்டப்படி அதன் மேல் கை வைக்கவும் முடியாது. இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள் என்பதுதான் அரசாங்கத்தின் யோசனை. எந்தத் தெருவில் எந்த மரத்தடியில் பாய்கிறது என்று வரைபடமும் வெளியிடுகிறார்கள். அலுவலகத்துக்குக் கிளம்புமுன் இவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறார்.